தண்ணீரும் கைதட்டலும்

கதையும் சினிமாவும் செய்தி சொல்ல வேண்டுமா என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் விடையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். வேண்டும் என்பவருக்கு மக்கள் துணை. வேண்டாம் என்பவருக்கு அழகியல் துணை. நம் சிறு பத்திரிகைகளில் இந்தச் சண்டை பல காலம் நடந்து இரு தரப்பாரும் களைத்துவிட்டார்கள். அதை மறுபடி கிளப்புவது என் நோக்கமல்ல. தாம்பரத்தைத் தாண்டிக் குடியிருக்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் தண்ணீர். அதை வைத்து யோசித்துப் பார்க்கிறேன்.

கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ 1980இல் மேடையேறியது, 1981இல் கே. பாலசந்தர் அதைப் படமாக்கினார். ஒளிவு மறைவில்லாமல் செய்தி சொல்லும் நாடகம். வறண்ட கிராமத்தை அதிகாரம் கைவிடுகிறது. கிராமம் தானே வழி தேடினால் சட்டம் வந்து குறுக்கே நிற்கிறது. அந்தக் கிராமம் தோற்கிறது. தோல்வியை மாற்றி எழுதாதது கோமலின் நேர்மை. செய்தி இருக்கிறது என்பதாலேயே அதைப் பிரச்சாரம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஏ.ஆர். முருகதாஸின் ‘கத்தி’ (2014) வேறு ஜாதி. அதில் கிராமத்து முதியவர்கள் சென்னைக்குத் தண்ணீர் வரும் ராட்சசக் குழாய்களுக்குள் உட்கார்ந்துகொண்டு நகரத்தை வழிக்குக் கொண்டுவருகிறார்கள். பிறகு கதாநாயகன் நிருபர்களிடம் பேசுகிறான் — விவசாயி, கம்பெனி, தற்கொலை. நான் பார்த்த கொட்டகையில் விசில் ஓய வெகு நேரமாயிற்று. விசிலடித்தவர்கள் எல்லோரும் எங்கள் பக்கத்து ஜனங்கள். எங்கள் தெருவிலோ அப்போது குழாயே கிடையாது. போர் வற்றினால் லாரி. அடைபட்ட குழாயும் எங்களுடையதல்ல, நிலத்தடி நீரை உறிஞ்சிய கம்பெனியும் எங்களுடையதல்ல. இரண்டிலும் பங்கில்லாதவனுக்குக் கைதட்டுவதில் என்ன சிரமம்? (அந்த வசனம் பொய் என்று சொல்ல வரவில்லை. பெரும்பகுதி உண்மை. அதுதான் தொந்தரவு.)

வேளச்சேரி ஏரியில் ஒரு பகுதி வீடுகளாகிவிட்டது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் குப்பைமேடு எழுந்தது. 2015 டிசம்பரில் அடையாறு முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் உள்ளே வந்தது. தெருவில் படகு விட்டார்கள். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரிக்குச் சொல்லிவைத்துவிட்டு நாள்கணக்கில் காத்திருந்தோம். பொறுப்பு யார்? அரசு, சரி. ஏரியில் மனை போட்டவன், சரி. அந்த மனையைக் கடனில் வாங்கி, கிரகப்பிரவேசப் பத்திரிகை அடித்து, அடுக்குமாடிக்கு ‘லேக் வியூ’ என்று பெயரும் வைத்துக்கொண்டவர்கள்? அவர்கள்தாம் சினிமாவுக்கு டிக்கெட் வாங்குகிறவர்கள். டிக்கெட் வாங்கியவனையே கூண்டில் ஏற்றும் வியாபாரப் படம் தமிழில் வரும் என்று நான் நம்பவில்லை. முதல் போட்டவன் சம்மதிக்க மாட்டான். ஆகவே செய்தி எப்போதும் கொட்டகைக்கு வெளியே இருக்கும் ஒருவனைத் தேடிப் பிடிக்கிறது. உள்ளே இருப்பவன் மன்னிக்கப்பட்டு வீடு திரும்புகிறான்.

செய்தியால் எதுவும் நடக்காது என்று இதற்குப் பொருளில்லை. 1952இல் ‘பராசக்தி’யின் வசனம் ஒரு கட்சிக்குச் செய்ததை எத்தனை மாநாடு போட்டும் செய்திருக்க முடியாது. ஆனால் அந்த வசனம் கேட்டவனைக் கூப்பிட்டது. போய்ச் சேர வெளியே ஓர் இயக்கம் இருந்தது. இன்றைய வசனம் கூப்பிடுவதில்லை. முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுகிறது.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலில் செய்தியே இல்லை என்பார்கள். 1970களின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. ஜமுனா, சாயா, டீச்சரம்மா, ஒரு தெரு, குடங்கள். யாரும் பேருரை நிகழ்த்துவதில்லை. வாசிக்கிறவன் தண்ணீருக்கு அலைகிறவர்களோடு தானும் அலைகிறான்; தனக்கு முன்னால் குடத்தோடு நிற்பவள்மேல் தனக்குள் கிளம்பும் அற்பமான எரிச்சலை அவனே பார்த்துவிடுகிறான். டீச்சரம்மா தன் வாழ்க்கையை ஜமுனாவிடம் சொல்லும் இடத்தில் அந்த எரிச்சல் கூசிப்போகிறது. அங்கே யாரையும் அவர் மன்னித்து அனுப்புவதில்லை, தண்டிப்பதுமில்லை. இதை அறத்தோடு சம்பந்தமில்லாத எழுத்து என்று எப்படிச் சொல்வது?

நம் வட்டத்துக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவருடைய மௌனத்தைப் புகழ்ந்துவிட்டு நாம் எழுதும் மௌனங்களில் பாதி வெறும் ஒதுங்கல். கோஷம் பிடிக்காது என்பது ஒரு தகுதியா என்ன?

2019இல் எங்கள் தெருவுக்கு வந்த லாரித் தண்ணீர் செங்கல்பட்டுப் பக்கத்து வயற்கிணறுகளில் இறைத்தது. புறநகருக்கு வெளியே சில கிராமங்களில் ஜனங்கள் லாரிகளை மறித்தார்கள். கோமலின் கிராமம் அங்கே இருந்தது. நகரம் என்பது நாங்கள். கிணற்றுக்காரருக்கு நெல்லைவிடத் தண்ணீரில் வரும்படி அதிகம். பக்கத்து நிலத்துக்காரரின் கிணறு இறங்கிக்கொண்டே போகிறது. லாரி ஓட்டுகிறவன் இரண்டு ராத்திரியாகத் தூங்கவில்லை. எதிர்வீட்டு மாடியில் ஒரு கிழவி வெறும் வாளியோடு உட்கார்ந்திருக்கிறாள். இதை எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் நாலாவது பக்கத்தில் யாராவது ஒருவர் எழுந்து நின்று பேச ஆரம்பித்துவிடுகிறார்.