வெற்றி எதற்குச் சான்று? ஹென்டியின் சாகசக் கதையும் பாராமகால் நடுகற்களும்

வீரம் தன்னளவிலேயே ஓர் அறமா, அல்லது எந்தக் காரியத்துக்குத் துணைபோகிறதோ அதைப் பொறுத்துத்தான் அது போற்றத்தக்கதாகவோ பழிக்கத்தக்கதாகவோ ஆகிறதா என்னும் கேள்வி, மேற்கிலும் தமிழ் மரபிலும் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வந்த ஒன்று. இக்கேள்வியைத் தத்துவ நூல்களில் தேடுவதே வழக்கம் என்றாலும், தத்துவம் பேசுவதாக ஒருபோதும் சொல்லிக்கொள்ளாத சிறுவர் சாகசக் கதைகள் அதற்கு மிக உறுதியான விடையொன்றைத் தலைமுறை தலைமுறையாகப் பிஞ்சு மனங்களில் பதித்துவந்திருக்கின்றன. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் அவ்வகைக் கதைகளின் தலைமகனாக விளங்கிய ஜார்ஜ் ஆல்ஃப்ரெட் ஹென்டி, 1896-ஆம் ஆண்டைத் தாங்கி வந்த 'தி டைகர் ஆஃப் மைசூர்' என்னும் நாவலுக்குக் களமாகக் கொண்டது, இன்று மோட்டார் வாகன ஆலைகளும் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் சிப்காட் வளாகங்களும் நிறைந்திருக்கும் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தையும் அதையொட்டிய மைசூர்ச் சீமையையுமே என்பதால், அந்த விடையை இந்த மண்ணிலேயே வைத்து உரசிப் பார்க்க முடிகிறது.

ஹென்டி 1832-இல் கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள டிரம்பிங்டனில் பிறந்தார். நோயாளிச் சிறுவனாகப் படுக்கையில் கிடந்த காலத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தவர். வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் சக மாணவர்களின் கொடுமைக்கு ஆளாகிக் குத்துச்சண்டை கற்றவர். கேம்பிரிட்ஜ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கிரிமியப் போருக்குச் சென்றவர். பின்னர் 'ஸ்டாண்டர்ட்' நாளிதழின் போர்ச் செய்தியாளராக இத்தாலி, அபிசீனியா, அஷாந்தி எனப் பல களங்களைக் கண்டார். 1875-76-இல் வேல்ஸ் இளவரசரின் இந்தியப் பயணத்திலும் உடன்வந்தார். 1902-இல் வேமவுத் துறைமுகத்தில் தம் படகிலேயே இறக்கும்வரை நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை, பெரும்பாலும் தாம் சொல்லச் சொல்லச் செயலர் எழுதிக்கொள்ளும் முறையில், படைத்துத் தள்ளினார். போரை நேரில் கண்டவர் என்பதால் பிணங்களையும் மருத்துவ முகாம்களின் சீர்கேட்டையும் அவர் அறியாதவர் அல்லர். அறிந்திருந்தும் அவருடைய கதைகளில் போர் ஒரு பையனை ஆளாக்கும் பள்ளிக்கூடமாகவே நின்றுவிட்டது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

'தி டைகர் ஆஃப் மைசூர்' நாவலின் நாயகன் டிக் ஹாலண்ட், தாய்வழியில் இந்திய இரத்தம் கலந்த ஆங்கிலச் சிறுவன். கப்பல் உடைந்து மலபார்க் கரையில் ஒதுங்கி, மைசூர் அரசில் கைதியாகிவிட்ட தந்தையைத் தேடி அவன் வருகிறான். அவனுடைய மாமன் ஒரு குறுநில ராஜா. மூன்றாம் மைசூர்ப் போர் (1790-92) மூண்டிருக்கும் வேளையில் மாறுவேடத்தில் மைசூர் மன்னர் திப்பு சுல்தானின் நாட்டுக்குள் நுழையும் அவன், அந்தப்புரத்துக்குள் புகுந்த புலியைக் கொன்று அரண்மனை அதிகாரியாகிறான். சிறைப்பட்டிருந்த ஆங்கிலப் பெண்ணை மீட்டுப் பின்னாளில் மணக்கிறான். கடைசியில் தந்தையையும் கண்டடைந்து ஊர் திரும்புகிறான். பன்னிரண்டு கோட்டைகளின் நாடு என்று பொருள் கூறப்படும் பாராமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பகுதிகள், இக்கதையில் ஒரு சிறுவனின் துணிவை அளக்கும் திடலாகிறது.

இக்கதைப் போக்குக்குப் பின்னால் ஒரு சமய நம்பிக்கை உண்டு. தாமஸ் ஹியூஸ், சார்லஸ் கிங்ஸ்லி முதலியோரின் எழுத்தால் பரவிய, 'உடல்வலுக் கிறித்தவம்' என்று தமிழில் குறிப்பிடத்தக்க கருத்தோட்டம், உடலுரமும் நேர்மையும் அஞ்சாமையும் கடவுளுக்கு உகந்த பண்புகள் என்றும், பலவீனரைக் காக்கவே அவை தரப்பட்டன என்றும் கற்பித்தது. ஹென்டியின் கதைகளில் பிரசங்கம் குறைவு. ஞாயிற்றுப் பள்ளிகள் அவற்றைப் பரிசு நூல்களாக வாங்கிக் கொடுத்ததற்கு, பொய் சொல்லாத, சோம்பாத, கலங்காத பையன் ஈற்றில் நலம் பெறுகிறான் என்னும் கதையமைப்பே போதுமானதாயிற்று. உலக நிகழ்ச்சிகளைக் கடவுள் நல்லோர்பால் சாய்த்து நடத்துகிறார் என்னும் கோட்பாட்டை இறையியலார் தெய்வப் பராமரிப்பு என்பர். அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் கிடைப்பது வேறொன்று: நலம் பெற்றவன் நல்லவனாகத்தான் இருந்திருக்க வேண்டும். முன்னதிலிருந்து பின்னது தருக்கப்படி பெறப்படாது. ஆயினும் பன்னிரண்டு வயதில் கதை படிப்பவன் இரண்டையும் ஒன்றாகவே விழுங்குகிறான்.

ஹென்டி இதை அறியாமல் செய்தார் என்று கூறிவிட முடியாதபடி அவருடைய முன்னுரையே நிற்கிறது. இந்தியாவில் இங்கிலாந்து நடத்திய போர்களில் சில, அற்பக் காரணத்தைச் சாக்காக வைத்து நாட்டைச் சேர்த்துக்கொள்வதற்காகவே மூட்டப்பட்டவை என்னும் குற்றச்சாட்டுக்கு இடம்தருபவை என்று அவர் ஒத்துக்கொள்கிறார். ஆனால் திப்புவுடனான போர் அப்படிப்பட்டதன்று என்றும், அவன் இழைத்த கொடுமைகளை நெடுநாள் பொறுத்த பின்னரே அது நிகழ்ந்தது என்றும் வாதிடுகிறார். பேரரசின் புகழ்பாடியாக மட்டுமே நினைக்கப்படும் ஓர் எழுத்தாளர் இவ்வளவு தூரம் வந்தது வியப்பே.

இவ்வாதத்தை அறப்போர்க் கோட்பாட்டைக் கொண்டு சோதிக்கலாம். ஒரு போர் நியாயமானதாக இருக்க வேண்டுமெனில் உரிய அதிகாரம், தக்க காரணம், நேரிய நோக்கம் ஆகிய மூன்றும் வேண்டும் என்பது 13-ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் வகுத்த வரையறை. பிற்காலத்தவர் போருக்குள் புகும் நியாயம் வேறு, போரை நடத்தும் முறையின் நியாயம் வேறு என்றும் பிரித்தனர். 1789 டிசம்பரில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் நட்பு நாடான திருவிதாங்கூரின் அரண்களைத் திப்பு தாக்கினார் என்பதால், காரணம் ஒன்று இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஹென்டி அதைவிட அதிகமாகச் சார்ந்திருப்பது கைதிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை. அது போர் நடத்தும் முறையைப் பற்றிய குற்றம். எதிரி கொடியவன் என்பதனாலேயே தன் போர் தூய்மையாகிவிடாது. நேரிய நோக்கமோ இன்னும் சிக்கலானது. 1792 மார்ச்சில் முடிந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி மைசூரின் ஏறத்தாழப் பாதி நிலப்பரப்பும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயும் வெற்றியாளர்களுக்குச் சென்றன. கொடுமையைத் தடுக்கப் புறப்பட்ட போர் பாராமகாலின் வரிவசூலோடு வீடு திரும்பியது.

வீரத்துக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு தளர்ந்தது என்பதற்கு, இவ்வட்டாரத்தின் இரு கோட்டைகளே போதும். 1791 ஜூலையில் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் படை ஓசூரை நெருங்கியபோது மைசூர்க் காவற்படை பெரிய எதிர்ப்பின்றிக் கோட்டையைக் கைவிட்டது. அங்கிருந்த ஆங்கிலக் கைதிகள் அதற்குமுன் கொல்லப்பட்டனர் என்று ஆங்கிலேயர் எழுதிய வரலாறுகள் கூறுகின்றன. அதே ஆண்டு நவம்பரில் ஆங்கிலத் தளபதி மேக்ஸ்வெல்லின் படை கிருஷ்ணகிரியை இரவில் தாக்கியது. அடிவாரத்துப் பேட்டையும் கீழ்க்கோட்டையும் வீழ்ந்தன. ஓடியவர்களைத் துரத்திக்கொண்டு மேல்வாசலுக்குள் நுழைந்துவிட முயன்ற சிப்பாய்கள், செங்குத்தான பாறையின் மேலிருந்து உருட்டிவிடப்பட்ட கற்களால் நொறுக்கப்பட்டுப் பின்வாங்கினர். இன்று சையத் பாஷா மலை என்று அழைக்கப்படும் அக்குன்றின்மேல் தர்காவுக்குச் செல்பவர்கள், அந்த ஏற்றத்தின் கடுமையைக் காலாலேயே உணரலாம். அப்படிக் காக்கப்பட்ட கிருஷ்ணகிரி மறு ஆண்டு உடன்படிக்கைத் தாளின் வழியே கம்பெனிக்குப் போயிற்று. எளிதில் விழுந்த ஓசூரோ 1799 வரை மைசூரிடமே இருந்தது. காத்தவனின் வீரத்துக்கு ஊர் நிற்கவில்லை, ஏறியவனின் வீரத்துக்கு ஊர் கிடைக்கவுமில்லை.

இதே நிலத்தில், வெற்றியைக் கணக்கில் கொள்ளாத வேறொரு மரபு கல்லில் எழுதப்பட்டுக் கிடக்கிறது. செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்கள் தமிழகத்தில் நடுகற்கள் மிகுந்த பகுதிகள். நடுகல் என்பது போரிலோ ஆநிரைப் பூசலிலோ விலங்கோடு பொருதோ இறந்தவனுக்கு அவன் ஊரார் எடுத்த நினைவுக்கல். அதை எடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் படிப்படியாகக் கூறுகிறது. பல்லவர் காலத்துக் கற்கள் பெரும்பாலும் வட்டெழுத்தில், அரசனின் ஆட்சியாண்டைக் கூறி, இன்னாருடைய சேவகன் இன்ன தொறுவை, அதாவது ஆநிரையை, மீட்டுப் பட்டான் என்று இரண்டு மூன்று வரிகளில் முடிந்துவிடும். திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்லொன்று, கருந்தேவக்கத்தி என்பவனோடு கோவிவன் என்னும் அவனுடைய நாயையும் உருவமாக வடித்து, அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியையும் பொறித்திருக்கிறது. சண்டையின் முடிவைவிட நாயின் பெயர் நிலைபெற வேண்டியது என்று அவ்வூரார் எண்ணியிருக்கிறார்கள்!

புலியோடு பொருது மாண்டவர்க்கு எடுத்த புலிகுத்திக் கற்களும் இவ்வட்டாரத்தில் உண்டு. டிக் ஹாலண்டுக்குப் புலியைக் கொன்றதற்குக் கிடைத்தது பதவி உயர்வு. புலிகுத்தியவனுக்குக் கிடைத்தது கல். இரண்டாவதே உயர்ந்தது என்று உடனே கூறத் தோன்றும். நடுகல் மரபு வீரத்தை வெற்றியிலிருந்து பிரித்தது உண்மை. ஆனால் நீதியிலிருந்தும் அதைப் பிரித்துவிட்டது. புறத்திணை இலக்கணத்தில் பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி, அதை மீட்பது கரந்தை. மீட்டுப் பட்டவனுக்குப் போலவே கவரச் சென்று பட்டவனுக்கும் கல் நடப்பட்டது. அயலூர் மாட்டைத் திருடப் போனவனும் தன்னூர் மாட்டைக் காக்க நின்றவனும் ஒரே வழிபாட்டைப் பெறும்போது, வீரம் எதற்காக என்னும் கேள்விக்கு ஹென்டி தந்த தவறான விடைகூட அங்கே இல்லை, கேள்வியே எழவில்லை.

அக்கேள்வியை எழுப்பியவர்கள் இருபுறமும் இருந்தனர். வீரம் நீதியின் பக்கம் நின்று போரிடும் அறம் என்று ஸ்டோயிக் மரபினர் வகுத்ததை ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ எடுத்துரைத்தார். நீதியற்ற காரியத்தில் காட்டப்படும் துணிவு வீரத்தின் சாயலைக் கொண்டிருக்குமேயன்றி வீரமாகாது என்பது அதன் உட்பொருள். அக்வினாஸும் அஞ்சாமையை நீதிக்குக் கீழே வைத்தார். தமிழில், போருக்குமுன் பசு, அந்தணர், பெண்டிர், பிணியாளர், பிள்ளை பெறாதோர் ஆகியோரை அரண் தேடிக்கொள்ளுமாறு அறிவிக்கும் முறையைப் பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியின் அறநெறியாக ஒரு புறநானூற்றுப் பாட்டு போற்றுகிறது. வள்ளுவரோ பகைவனுக்கு இடுக்கண் நேர்ந்தபோது அவனுக்கு உதவுவதையே ஆண்மையின் கூர்மையாகக் கண்டார். இவற்றில் புறநானூற்றுப் பாட்டு போர் நடத்தும் முறையோடு நின்றுவிடுகிறது. வள்ளுவர் பகையின் எல்லையையே தளர்த்துகிறார் என்பதால் சற்று மேலே போகிறார்.

இனி ஹென்டியின் முன்னுரைக்குத் திரும்பினால், அவருடைய ஒப்புதல் அவருடைய கதைகளையே கவிழ்ப்பது தெரியும். இந்தியப் போர்களில் சில நியாயமற்றவை என்பது உண்மையானால், அவற்றிலும் துணிந்த சிறுவர்கள் இருந்திருப்பார்கள், பரிசு பெற்றுத் திரும்பியும் இருப்பார்கள். கிளைவ் முதல் சீக்கியப் போர் வரை அவர் எழுதிய இந்திய நாவல்களில் பையன் ஒரே பையன், பரிசும் ஒரே பரிசு. 'இன் ஃப்ரீடம்ஸ் காஸ்' நாவலிலோ ஆங்கில மன்னனை எதிர்த்த ஸ்காட்லாந்து வாலஸை அவர் வீரனாக்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலத்தார் பக்கமும் ஒரு நாயகனை நிறுத்தினார். எந்தப் பக்கம் நின்றாலும் கிடைக்கும் வெகுமதி எந்தப் பக்கத்தின் நியாயத்துக்கும் சான்றாக இருக்க முடியாது. அது சிறுவனின் குணத்துக்கு மட்டும் சான்று என்று ஹென்டியின் தரப்பில் ஒருவர் வாதிடலாம்; அப்படியானால் கிருஷ்ணகிரிப் பாறையடியில் நொறுங்கி விழுந்த சிப்பாய்க்குக் குணம் இல்லை என்று கொள்ள வேண்டிவரும்.

அந்தப் போர்க்காலத்தில் உண்மையான சிறுவர்களும் இருந்தார்கள். 1792 பிப்ரவரியில் திப்புவின் இரு மகன்கள், பத்து வயதை ஒட்டியவர்கள், காரன்வாலிஸிடம் பிணையாக ஒப்படைக்கப்பட்டனர். ஆங்கில ஓவியர்கள் அதை வெற்றியாளரின் தந்தைக்கொப்பான கருணையாகத் தீட்டினர். மறுபக்கத்தில் ஜேம்ஸ் ஸ்கர்ரி என்னும் கப்பற்சிறுவன் பிரெஞ்சுக்காரரிடம் பிடிபட்டு, 1782-இல் திப்புவின் தந்தை ஹைதர் அலியிடம் ஒப்படைக்கப்பட்டான். வலிந்து மதம் மாற்றப்பட்டு, மைசூர்ப் படையில் சேர்க்கப்பட்டு, அங்கேயே மணமும் செய்துகொண்டு, ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் தப்பினான். 1824-இல் வெளிவந்த அவனுடைய வரலாறு, ஹென்டி கதை எழுதுவதற்கு எழுபதாண்டு முந்தியது. டிக் ஹாலண்ட் மாறுவேடத்தைச் சட்டைபோல் அணிந்து சட்டைபோல் கழற்றுகிறான். ஸ்கர்ரியோ தன்னவரிடம் மீண்டபோது நாற்காலியில் அமர்வதும் கத்தியும் முள்கரண்டியும் கொண்டு உண்பதும் பழக்கமற்றுப்போய், தாய்மொழியே தடுமாறும் நிலையில் இருந்தான். வென்று திரும்பியவனைப் போற்றும் ஹென்டியின் கணக்கிலும், பொருது பட்டவனை வணங்கும் நடுகல்லின் கணக்கிலும், தான் தேர்ந்துகொள்ளாத ஒரு வாழ்வைப் பத்தாண்டு தாங்கிப் பிழைத்து மீண்ட இவனுடைய துணிவுக்கு இடமில்லை.