மையத்து வீடு இல்லை

பாரிஸிலிருந்து லீவில் வந்திருந்த நண்பனுக்கு ஊர் காட்ட வேண்டும் என்று பங்குனி மாதத்தில் ஒரு வான் பிடித்து மன்னாரிலிருந்து தெற்கே புறப்பட்டோம். எல்லாரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். வழிநெடுகப் பழைய வாத்திமாரின் பட்டப்பெயர்கள், யார் யாருக்குக் கடிதம் கொடுத்தான் என்ற தீராத வழக்குகள். வயது ஏற ஏறச் சாவீடு, கலியாண வீடு என்று காரணம் இருந்தால்தான் கூடுகிறோம். காரணமே இல்லாத ஒரு நாள் மனுசருக்குத் தேவை என்றே நான் நம்புகிறேன்.

அரிப்பில் கடலோரம் நிற்கும் இடிபாட்டை எங்கள் சனம் அல்லிராணிக் கோட்டை என்கிறது. முத்துக்குளிப்பை மேற்பார்க்க வரும்போது தங்குவதற்காக, பிரித்தானியரின் முதல் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை அது. கடல் கரையை அரித்து, சுவர்கள் துண்டு துண்டாகக் கீழே கிடக்கின்றன. சிப்பி சுட்ட சுண்ணாம்புச் சாந்து மிச்சமிருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இன்னும் வழுவழுவென்று குளிர்ந்தது.

"மச்சான், வேர்சாய்ல டிக்கெட்டுக்கே வெயில்ல நிண்டு காய்ஞ்சனான். இஞ்ச ஆடுதான் காவல்" என்றான் பாரிஸ்காரன்.

அடுத்துப் போன கொண்டச்சியில் அப்படி ஒரு சுவர்கூட இல்லை. குடா, மணல், உள்ளே தள்ளி மரமுந்திரிகைத் தோட்டம். 1803இல் வெளிவந்த ரொபர்ட் பேர்சிவலின் நூலில் இருப்பது வேறு கொண்டச்சி. மற்றக் காலத்தில் சில குடிசைகள் மட்டுமே உள்ள வெறுந்தரை, பருவம் வந்தால் பல தேசத்தார் நெருக்கியடிக்கும் சந்தையாகிவிடும். இரவில் தரைக்காற்றோடு வள்ளங்கள் புறப்படும். ஒரு வள்ளத்தில் பத்துக் குளிகாரர். ஐவர் கல்லைக் காலில் கொளுவிக்கொண்டு இறங்க, ஐவர் மேலே இளைப்பாறுவர். சுறாவின் வாயைக் கட்ட கடல்கட்டி மந்திரம் ஓதுவான். அவன் ஓதாமல் குளிகாரன் இறங்கமாட்டான். கரையில் சிப்பி குவிந்து அழுகும். அந்த நாற்றத்துக்கு நடுவே வித்தைக்காரர், வியாபாரி, பக்கிரி. கடைசிப் பெரிய குளிப்பு 1925இல். பிஸே இந்தத் தீவின் முத்துக்குளிகாரரை வைத்து ஆக்கிய ஒப்பேரா 1863இல் பாரிஸில்தான் அரங்கேறியது என்றதும், நண்பன், உங்கட ஊரைப் பாரிஸ்காரர் நாங்கள்தான் பிரபலமாக்கினோம் என்று பாடவே தொடங்கிவிட்டான்.

அந்தப் பாட்டுக்குத்தான் பக்கத்து வளவிலிருந்து ஒரு முஸ்லிம் நானா வந்தார். தேத்தண்ணி வந்தது. பேச்சு 1990க்குப் போனது. அந்த ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது முசலிப் பக்கத்து ஊர்கள் வெறிச்சோடின. புத்தளம், கற்பிட்டிப் பக்கம் ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. 2009க்குப் பிறகு திரும்பியவர்கள் தங்கள் வளவுகளைக் காட்டுக்குள் தேடவேண்டியிருந்தது.

நாங்கள் அடங்கிப்போனோம். வானில் பாட்டை நிறுத்தினான் ஒருவன். இதைக் கேட்ட பிறகும் சிரிக்கலாமா என்பது லேசான கேள்வி இல்லை. கேட்காமல் குளித்துவிட்டுப் போயிருந்தால் அது பெரிய குறை. தமிழர்களாகிய நாங்கள் இதை இன்னும் போதிய அளவு பேசவில்லை என்றே சொல்வேன். ஆனால் ஒவ்வொரு முறையும் துக்க முகத்தோடு வந்து நின்றால், திரும்பிவந்து வீடு கட்டி, தோட்டம் வைத்து, பேரப்பிள்ளை கண்ட மனிதரை அவருடைய இழப்பாக மட்டுமே பார்க்கிறோம். அவர் வாழ வந்தவர். முத்துக் காலத்திலும் இந்த மணலில் ஆபத்தும் பாட்டும் ஒன்றாகத்தானே கிடந்தன.

நானாவுக்கு எங்கள் மௌனம் பிடிக்கவில்லை.

"ஏன் தம்பிமார், மையத்து வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க? கடல் நல்லா இருக்கு, இறங்குங்க. பகல் சாப்பாடு இஞ்சதான்."

இறங்கினோம். கரையில் நின்று பாரிஸ்காரனின் வயிற்றைப் பார்த்து அதிகம் சிரித்தவர் நானாதான். அடுத்த பங்குனிக்குப் பிள்ளைகளையும் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறோம்; எத்தனை பேர் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டுமாம், மீன் வாங்கி வைக்க.