பிறர் பிழைக்கு மகிழ்தல்

முன்னாளில் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் சென்ற தை மாதம் கொற்கைக்கு வந்திருந்தார். பல ஆண்டுகளாக அமெரிக்காவில் சிகாகோ நகரில் பணிபுரிபவர். திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கையில் தம் கைப்பேசியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினார். 1950களில் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பவுலிங் போட்டி அது. நாமறிந்த கிரிக்கெட் பந்துவீச்சு அன்று. மெருகேற்றிய மரத்தளத்தில் கனத்த பந்தை உருட்டி, அறுபது அடிக்கு அப்பால் முக்கோணமாக நிறுத்திய பத்துக் கட்டைகளை வீழ்த்தும் ஆட்டம். அலுவலக நண்பர்களுடன் தாமும் சனிக்கிழமைதோறும் ஆடுவதாகச் சொன்னார். ஒரே உருட்டலில் பத்தும் விழுந்தால் முழு வெற்றி. அவ்வாறு பன்னிரண்டு முறை தொடர்ந்து வீழ்த்தினால் 300 புள்ளிகள், அதற்கு மேல் இல்லை.

விழுந்த கட்டைகளைப் பொறி ஒன்று இறங்கி வந்து நிறுத்தியது. 1952இல் அப்பொறி ஆட்டக்கூடங்களுக்கு வரும் வரையில் சிறுவர்களே தளத்தின் மறுகோடியில் குந்தியிருந்து, பாய்ந்து வரும் பந்துக்கு ஒதுங்கி, கட்டைகளை எடுத்து வைப்பார்களாம். எந்த விளையாட்டிலும் திரைக்கு அப்பால் உழைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் போலும். அது நிற்க.

நம் மனத்தை ஈர்த்தது வேறொன்று. அவ்வாட்டத்தில் எதிராளியின் பந்தை ஒருவர் தடுக்க இயலாது, தொடவும் இயலாது. தம் முறை முடிந்ததும் பெஞ்சில் அமர்ந்து பார்த்திருப்பதே வேலை. படக்கருவி அவ்வப்போது உட்கார்ந்திருப்பவர் முகத்தின் பக்கம் திரும்பியது. எதிராளி உருட்டிய பந்து ஒரு கட்டையை மட்டும் விட்டுவைத்து ஓடியபோது, அம்முகத்தில் ஒரு மெல்லிய தளர்ச்சி, ஏறக்குறைய ஒரு புன்னகை தோன்றி மறைந்தது. அவர் எத்தீங்கும் செய்யவில்லை; விரும்பியது மட்டுமே உண்டு. செயலை முழுவதும் நீக்கிவிட்டு விருப்பத்தை மட்டும் தனியே எடுத்துக் காட்டும் ஆட்டம் ஒன்று உண்டென்றால் அது இதுவே. பிறர் தவற வேண்டும் என்று விரும்புவதும், தவறியபின் மகிழ்வதும் குற்றமா என்ற வினா நம் உள்ளத்தில் எழுந்தது. எழுந்தது என்பதைவிட, முப்பத்தேழு ஆண்டுகளுக்கும் மேலாக உறங்கிக் கிடந்தது விழித்துக்கொண்டது என்பதே சரி.

அதன் பிறப்பு 1987ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள், வெள்ளிக்கிழமை. அன்று சென்னை சேப்பாக்கத்தில் உலகக் கோப்பைக் கிரிக்கெட்டில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதின. கொற்கையில் அந்நாளில் தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நம் தெருவில் இருந்த ஒரு வீட்டில், இலங்கையின் ரூபவாஹினியைப் பிடிப்பதற்காக மொட்டை மாடியில் உயர்ந்த இரும்புக் குழாய் நட்டு ஆண்டெனா கட்டியிருந்தார்கள். அன்று அதை வேறு திசைக்குத் திருப்பியிருந்தார்கள். நாம் பள்ளி விட்டு வந்தபோது அவ்வீட்டின் முற்றம் நிரம்பி, சாளரக் கம்பிகளிலும் பிள்ளைகள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். நமக்கு அப்போது வயது முப்பத்தேழு. கிரிக்கெட்டில் அரைகுறை அறிவு. ஆயினும் இடம் கொடுத்தார்கள், அமர்ந்தோம்.

ஆஸ்திரேலியா 270 ஓட்டங்கள் எடுத்திருந்தது. சித்து 73, நம் சென்னையின் ஸ்ரீகாந்த் 70 என்று இந்தியா எளிதாக வெல்லும் நிலையில் இருந்து, பின்னர் மளமளவென விக்கெட்டுகளை இழந்தது. இறுதி ஓவரில் ஆறு ஓட்டங்கள் தேவை; கையில் ஒரே விக்கெட். இரண்டு பந்துகளில் இரண்டு ஓட்டங்கள் என்ற நிலையில் ஸ்டீவ் வா வீசிய பந்து மனிந்தர் சிங்கின் குச்சியைச் சாய்த்தது. இந்தியா 269. ஓர் ஓட்டத்தில் தோல்வி.

முற்றத்தில் இழவு வீட்டு மௌனம். மறுநாள் நாளிதழ் வந்தபின்தான் மற்றொரு செய்தி ஊருக்குள் பரவியது. ஆஸ்திரேலியர் ஆடியபோது டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு பந்து எல்லையைத் தாண்டிச் சென்றது. நடுவர் அதை நான்கு என்றார். ஆட்ட இடைவேளையில் ஆஸ்திரேலியத் தரப்பினர் அது ஆறு என்று முறையிட்டனர். இந்திய அணித்தலைவர் கபில் தேவிடம் கேட்கப்பட்டது. அவர் ஆம், ஆறுதான் என்று ஒப்புக்கொண்டார். 268 என்று இருந்த மொத்தம் 270 ஆயிற்று. அவர் வாய் திறவாதிருந்தால் வெற்றி நமது.

பந்தையும் மட்டையையும், வீரர் நெற்றியில் வழியும் வியர்வையையும் உலகிற்கெல்லாம் காட்டிய படக்கருவி, ஒரு மனிதர் உண்மையைச் சொன்ன அந்த நொடியைக் காட்டவில்லை. அது மைதானத்திற்கு வெளியே நடந்தது. திரையில் தெரிந்ததெல்லாம் எண் ஒன்று மாறியது மட்டுமே.

அன்று அத்தெருவில் கபில் தேவை வாழ்த்தியவர் எவரும் இல்லை. நாமும் வாழ்த்தவில்லை. கிணற்றடியில் நின்று, சுற்றிலும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்க, “நடுவரே நாலுன்னு சொல்லிட்டாரு. இவரு எதுக்குப் போயி ஒத்துக்கணும்? பேசாம இருந்திருக்கலாம்லா?” என்று சொன்னோம். இவ்வரியை எழுதும்போது கை கூசுகிறது. எனினும் சொன்னது சொன்னதே.

நாம் அன்று சொன்னதற்கும் ஒரு நியாயம் உண்டு என்று வாதிடுவோர் இருக்கலாம். நடுவர் தீர்ப்பே இறுதி என்பது விதி. மேலும், அந்த இரண்டு ஓட்டங்கள் அணித்தலைவரின் சொந்தச் சொத்தல்ல. பதினொருவருக்கும், பார்த்திருந்த கோடி மக்களுக்கும் உரியவை. ஊரார் பொருளை எடுத்து ஒருவர் தானம் செய்வது எப்படி அறமாகும்? இது வலிய வாதம். பல நாள் இதற்கு விடை தெரியாதிருந்தோம். பின்னர் தோன்றியது: அவர் செய்தது தானமே அன்று. எல்லைக்கு அப்பால் விழுந்த பந்தின் ஓட்டங்கள் அடித்தவர்க்கு உரியவை. அவை நமக்கு ஒருபோதும் சொந்தமாகவில்லை. நடுவர் தவறியதால் நம் பையில் விழுந்த பிறர் பொருள் அது. நம் சமயத்தார் இல்லறத்தார்க்குச் சொன்ன அணுவிரதங்களில் கள்ளாமைக்குக் கொடுக்கப்படாததைக் கொள்ளாமை என்றே பொருள். அதைத் திருப்பித் தருவதற்கு எவர் அனுமதியும் தேவையில்லை. ஆதலின் கபில் தேவைப் புகழ்வதும்கூட மிகை; அவர் கடனைத் தீர்த்தார், அவ்வளவே. கடனைத் தீர்ப்பவர் அரிதாகிப் போனமையால் அது பெருங்கொடையாகத் தெரிகிறது.

அதே மாதம் 16ஆம் நாள் லாகூரில் நிகழ்ந்ததை இதனுடன் சேர்த்துப் பேசுவார்கள். மேற்கிந்தியத் தீவுகளின் கோர்ட்னி வால்ஷ் இறுதிப் பந்தை வீச ஓடி வருகையில், பாகிஸ்தானின் சலீம் ஜாஃபர் வெகு முன்னதாகவே கோட்டை விட்டு வெளியேறிவிட்டார். குச்சியைத் தட்டியிருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும். வால்ஷ் நின்று எச்சரித்துவிட்டுத் திரும்பினார், தோற்றார், அவரது அணி அரையிறுதிக்கும் செல்லவில்லை. இது கடனன்று, உண்மையிலேயே கொடை. இரண்டையும் ஒன்றாகக் கூறுவது பொருந்தாது. கொடையைச் செய்யாதவரை நாம் குறை கூற முடியாது. 1947 டிசம்பரில் சிட்னியில் வினூ மன்காட் பில் பிரவுனை அவ்வாறு ஆட்டமிழக்கச் செய்தபோது, ஆஸ்திரேலியத் தலைவராயிருந்த பிராட்மனே பின்னர் மன்காட்டின் செயலில் தவறில்லை என்று எழுதினார். 2019 மார்ச் 25ஆம் நாள் ஜெய்ப்பூரில் நம் தமிழ்நாட்டு அஸ்வின் ஜோஸ் பட்லரை அதே வகையில் வெளியேற்றியபோது எத்தனை வசைகள்! நம் கருத்து அஸ்வின் பக்கமே. அவர் பொய் சொல்லவில்லை, பிறர் பொருளைக் கொள்ளவும் இல்லை. கோட்டைத் தாண்டியவர் மற்றவரே. 2022 அக்டோபரில் விதிநூலிலும் அதனை நேர்மையற்ற ஆட்டம் என்ற பிரிவிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். இதில் வாசகர் சிலர் நம்முடன் மாறுபடக்கூடும், மாறுபடட்டும்.

ஆடுபவர்க்கு இவ்வாறு கடன் எது, கொடை எது என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. பார்ப்பவர்க்கு? முற்றத்தில் அமர்ந்திருந்த நாம் பந்தைத் தொட்டதில்லை. ஆனால் தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்பட்டு மகிழ்தல் என்ற மூன்று வழியாலும் வினை வந்து ஒட்டும் என்பது பெரியோர் வாக்கு. இம்மூன்றில் மூன்றாவதை இளமையில் நாம் அற்பமாக எண்ணியிருந்தோம். வெறுமனே மகிழ்வதால் யாருக்கு என்ன கேடு? உட்கார்ந்திருந்தவரின் புன்னகையால் அந்த ஒற்றைக் கட்டை அசைந்துவிடவில்லையே?

கேடு எங்கே போய் விழுந்தது என்பது நமக்கு அந்த டிசம்பரில் தெரிந்தது. அரையாண்டுத் தேர்வு முடிந்து கணக்கு விடைத்தாள்களைக் கொடுத்தோம். மதிப்பெண்ணை இருமுறை கூட்டிச் சரிபார்த்த பின்பே முதல் பக்கத்தில் எழுத வேண்டும் என்று ஆசிரியப் பயிற்சியில் நமக்குக் கற்பித்திருந்தார்கள். ஒரு தாளில் அதைச் செய்யத் தவறினோம். 34 என்று இருக்க வேண்டியது 36 ஆகிவிட்டது. தேர்ச்சிக்கு 35. அந்த மாணவன் தாளைக் கண்டதுமே கூட்டிப் பார்த்து அறிந்துகொண்டான். மடித்துப் பைக்குள் வைத்துவிட்டான். இரண்டு நாள் கழித்து மற்றொரு பிள்ளை வந்து சொன்னது. அழைத்துக் கேட்டோம்.

அவன் அழவில்லை, மழுப்பவும் இல்லை. “நீங்கதான டீச்சர் அன்னைக்குச் சொன்னிய, பேசாம இருந்திருக்கலாம்னு” என்றான்.

குறும்பாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கற்றதை ஒப்பித்தான். நாம் என்ன செய்தோம்? சிவப்பு மையால் 36ஐ அடித்து 34 என்று எழுதினோம். எதிர்த்துப் பேசுகிறாயா என்று வகுப்பின் முன் ஒரு மணிநேரம் நிற்க வைத்தோம். கூட்டலில் தவறியது நாம். கிணற்றடியில் சொன்னதும் நாம். அதை வகுப்பில் ஒரு வார்த்தையாகச் சொல்லியிருந்தால் அப்பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய பாடம் நாம் நடத்தியிருக்க முடியாது. நாற்பது பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வாய் வரவில்லை. கபில் தேவிடம் எதைக் குறையாகச் சொன்னோமோ, அதைச் செய்யும் துணிவு நமக்கு இல்லை. அவருக்கு உலகக் கோப்பையில் ஓர் ஆட்டம் போயிற்று. நமக்குப் போக இருந்தது என்ன? ஒரு கிராமத்துப் பள்ளியின் ஐந்தாம் பாட வேளையில் சிறிது கௌரவம்.

அவ்வாண்டு இந்தியா அத்தோல்விக்குப் பின்னும் அரையிறுதிக்குச் சென்றது. அங்கே இங்கிலாந்திடம் தோற்றது; கோப்பையை வென்றது ஆஸ்திரேலியாவே. உண்மை சொன்னதற்கு வெகுமதியும் இல்லை, தண்டனையும் இல்லை. அந்த மாணவனும் ஆண்டுத் தேர்வில் நன்றாகவே எழுதித் தேறினான். ஆகவே ஒன்றும் கெட்டுவிடவில்லை என்று நாம் நம்மையே பல ஆண்டு தேற்றிக்கொண்டோம். விளைவு நன்றாயிற்று என்பதால் செய்தது நன்றாகிவிடுமா? எறிந்த கல் எவர்மேலும் படவில்லை என்பதை எறிந்தவர் தம் நற்செயலாகக் காட்ட முடியாதே.

கைப்பேசியில் அந்தப் பழைய ஆட்டம் ஓடி முடிந்தது. தோற்றவர் எழுந்து வந்து வென்றவர் கையைக் குலுக்கினார். திண்ணையில் நம் அருகில் அமர்ந்திருந்தவர் அந்த மாணவரேதான். காபியை ஆற்றிக் கொடுத்துவிட்டு, அன்று நிற்க வைத்ததைச் சொல்லி, பிழை நம்முடையது என்றோம்.

அவர் சற்று நேரம் யோசித்தார். “நின்னது எனக்கு ஞாபகமே இல்லியே டீச்சர்” என்று சிரித்தார். பிறகு தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அந்த மேட்ச்தான் ஞாபகம் இருக்கு. மனிந்தர் இன்னும் ஒரு பந்து நின்னிருந்தா!” என்றார்.