உண்கலமும் ஓவியமும்

ஓவியம் பயிலும் மாணவன் தான் உண்ட தட்டைத் தானே கழுவ வேண்டுமா? கவிதை எழுதப் பழகுபவன் வயலில் களை எடுக்க வேண்டுமா? இசை கற்பவள் சலவைத் துணியை அடுக்கி வைக்க வேண்டுமா?

வேண்டாம் என்றுதான் உலகம் நெடுங்காலம் விடை கூறி வந்திருக்கிறது. கலைஞன் கருவிலே திருவுடையவன், அவன் விரல் தூரிகைக்கு உரியது, துடைப்பத்திற்கு உரியதன்று, அவன் பொழுது பொன்னினும் அரியது, அதை அடுப்பங்கரையில் செலவிடச் சொல்வது அறிவீனம் என்று வாதிடுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். கேட்க இனிய வாதம்! கலைஞனுக்குப் பெருமை சேர்க்கும் வாதம்! ஆனால், ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் விடை கூறாமல் நழுவி விடுகிறது இந்த வாதம். அவன் கழுவாத தட்டைக் கழுவுபவர் யார்?

அந்த 'யார்' என்ற சொல்லில்தான் அறத்தின் சிக்கல் அத்தனையும் அடங்கியிருக்கிறது. அதை ஏட்டளவில் ஆராய்வதைவிட, வாழ்ந்து பார்த்தவர்களின் வரலாற்றில் ஆராய்வது நலம்.

அமெரிக்க நாட்டின் வட கரோலினா மாநிலத்தில், மலைகள் சூழ்ந்த ஓரிடத்தில், 1933ஆம் ஆண்டு ஒரு கல்லூரி தோன்றிற்று. பிளாக் மவுண்டன் கல்லூரி என்பது அதன் பெயர். ஃபுளோரிடாவில் ஒரு கல்லூரியிலிருந்து விலக்கப்பட்ட ஜான் ஆண்ட்ரூ ரைஸ் என்ற பேராசிரியர், தம்மோடு வெளியேறிய ஆசிரியரையும் மாணவரையும் துணையாகக் கொண்டு அதை அமைத்தார். மாட மாளிகை இல்லை, வாடகைக் கட்டடம். செல்வர் குழுவின் ஆட்சி இல்லை. கல்லூரி ஆசிரியர்களுக்கே உடைமை. ஆட்சிக் குழுவில் மாணவர்க்கும் இடம் உண்டு. கலையை ஓய்வுநேரப் பொழுதுபோக்காகக் கருதாமல், கல்வியின் நடுத்தூணாக நிறுத்தினர்.

ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் தங்கினர். ஒரே கூடத்தில் உண்டனர். பண்ணையில் உழைத்தனர், பாத்திரம் கழுவினர். வாடகை இடத்தை விட்டு ஈடன் ஏரிக்கரைக்குப் பெயர நேர்ந்தபோது, 1940இலும் 1941இலும், தாம் பயிலவேண்டிய கட்டடத்தைத் தம் கைகளாலேயே எழுப்பினர். கல் சுமந்த தோளோடுதான் கவிதை வகுப்பிற்குப் போயினர்!

அக்கல்லூரி பிறந்த அதே 1933இல்தான், ஜெர்மனியில் நாசிகளின் கொடுமையால் பௌஹௌஸ் என்னும் புகழ்பெற்ற கலைப்பள்ளி மூடுண்டது. அங்கே ஆசிரியராக இருந்த ஜோசப் ஆல்பர்ஸ், நெசவுக் கலையில் வல்லவராகிய தம் மனைவி ஆனி ஆல்பர்சுடன் பிளாக் மவுண்டனுக்கு வந்து சேர்ந்தார். விலையுயர்ந்த பொருள் வாங்கக் கல்லூரியிடம் பணம் இல்லை. உதிர்ந்த இலையும் வெறுந்தாளும் பாடப்பொருள்களாயின. தொட்டி நீரை வடிக்கும் சல்லடைத் தட்டையும் தாள் கவ்விகளையும் கோத்து, ஆனி ஆல்பர்சும் ஒரு மாணவரும் கழுத்தணி செய்து காட்டினர். பொன்னால்தான் அணி என்ற எண்ணம் அங்கே உடைந்தது. கைத்திறனைவிடக் கண்திறப்பே முதற்பாடம் என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது.

கண்திறப்பு! இந்தச் சொல்லை நாம் இறுகப் பற்றிக்கொள்வோம். உதிர்ந்த இலையில் உள்ள வண்ணத்தைக் காணப் பழகிய கண், தன் எச்சில் தட்டை எடுத்துச் செல்லும் மனிதனைக் காணாதிருக்கலாமா? காணாதிருந்தால் அதைத் திறந்த கண் என்று சொல்லலாமா? இலையைக் காண ஒரு கண்ணும் மனிதனைக் காண வேறொரு கண்ணும் நமக்கு இல்லை. இருப்பது ஒரே பார்வை. ஓரிடத்தில் அதை மூடிப் பழகினால், மற்றோரிடத்திலும் அது மங்கும். எனவே, சேர்ந்து வாழ்வதும் சேர்ந்து உழைப்பதும் கலைக் கல்விக்குப் புறம்பானவை அல்ல. கலைக்கு அடிப்படையான பார்வையைத் தீட்டும் சாணைக்கல் என்போம்.

ரூத் அசாவா என்ற பெண்ணை எண்ணிப் பார்ப்போம். கலிபோர்னியாவில் பிறந்த ஜப்பானிய மரபினர். 1942இல், போர் வெறியில், ஜப்பானிய மரபினர் அனைவரையும் ஐயுற்ற அமெரிக்க அரசு, அவர் குடும்பத்தையும் சிறைப்படுத்திற்று. குதிரைப் பந்தயத் திடலின் இலாயத்தில் தங்க வைத்தது. பின்னர் ஆசிரியப் பயிற்சிக்குச் சென்றார். ஜப்பானிய முகம் என்ற காரணத்தால், வகுப்பில் நின்று பாடம் நடத்திப் பழகும் வாய்ப்பு மறுக்கப்பட்டது. அதனால் பட்டம் இல்லை. கரும்பலகைக்கு முன் நிற்பதைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இந்தச் செய்தி சுடுகிறது.

1946இல் அவர் பிளாக் மவுண்டன் வந்தார். அங்கே சலவைக் கூடத்திலும் வேலை செய்தார். துணிகளில் அடையாளமிடக் கல்லூரிப் பெயரின் முதலெழுத்துகள் பொறித்த முத்திரை ஒன்று இருந்தது. அதை எடுத்துத் தாளில் மீண்டும் மீண்டும் பதித்துக் கோலமாக்கினார், அது கலைப்படைப்பாயிற்று. பிற்காலத்தில் கம்பியைப் பின்னிச் செய்த சிற்பங்களால் உலகப் புகழ் பெற்ற அவர், 1968இல் சான் பிரான்சிஸ்கோவின் பொதுப்பள்ளிச் சிறுவர்களுக்காகக் கலைப் பட்டறை தொடங்க முன்னின்றார்.

சலவைக்காரர் எல்லாரும் சிற்பியாவர் என்று நாம் கூறவில்லை. உழைப்பு தானாகவே கலையைப் பெற்றுவிடாது. இலாயத்தில் அடைக்கப்பட்ட பெண்ணுக்கு அந்தச் சலவைக் கூடம் தந்தது கலையன்று, சமநிலை! அவரும் துவைத்தார், பிறரும் துவைத்தனர். அந்தச் சமநிலையில் நின்றபோதுதான் அவர் கை அச்சமின்றி அசைந்தது.

இவ்வளவும் கூறிவிட்டு, பிளாக் மவுண்டன் ஒரு பொன்னுலகம் என்று புகழ்ந்து நிறுத்தினால் நாம் உண்மைக்கு மாறு செய்தவராவோம். அக்கல்லூரியின் அடுக்களையில் கூலிக்குச் சமைத்தோர் கறுப்பின மக்கள். மாணவர் பாத்திரம் கழுவினர், உண்மை. ஆனால், அந்தப் பாத்திரத்தில் சமைத்தவரின் பிள்ளைக்கு முதல் பத்தாண்டுகளில் அங்கே மாணவராக இடம் கிடைக்கவில்லை! நிறவெறிச் சட்டம் கோலோச்சிய மாநிலம் அது. அண்டை ஊரார் பகை கொள்வர், கல்லூரியே அழியும் என்ற அச்சம் பலரைத் தடுத்தது. உள்ளேயே வாதம் எழுந்தது. முடிவில் 1944ஆம் ஆண்டுக் கோடை இசைப் பயிலகத்தில் ஆல்மா ஸ்டோன் வில்லியம்ஸ் என்ற கறுப்பின மங்கை மாணவியாக அமர்ந்தார். 1946ஆம் ஆண்டுக் கோடையில் ஜேக்கப் லாரன்ஸ் என்ற கறுப்பின ஓவியர் ஆசிரியராகவே அழைக்கப்பட்டார். பள்ளிகளில் நிறப்பிரிவினை கூடாதென அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததோ 1954இல்தான். சட்டத்திற்குப் பத்தாண்டுகள் முந்திய கல்லூரி என்று பாராட்டுவோம். தன் கொள்கைக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் பிந்திய கல்லூரி என்பதையும் மறவோம்.

இந்தக் கேள்வி நமக்குப் புதியதா? சேரன்மாதேவியை மறந்துவிட்டோமா? வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், பொதுமக்கள் தந்த பணமும் சேர்ந்து நடந்த குருகுலத்தில், பிராமண மாணவர் இருவர்க்குத் தனியிடத்தில் உணவு என்பதை எதிர்த்துப் பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் 1924, 1925ஆம் ஆண்டுகளில் போர்க்கொடி உயர்த்தினர். இருவர் தனியே உண்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்டவர் உண்டு. வகுப்பில் ஆயிரம் முறை சமத்துவம் ஓதினாலும், உணவு வேளையில் போடப்படும் ஒரு தனி இலை அத்தனையையும் அழித்துவிடும் என்பதே அதற்கு விடை. உண்டுறைக் கல்வியில் உணவுக்கூடமே முதல் வகுப்பறை!

இனி, எதிர்ப்போர் கூற்றுக்கும் செவி கொடுப்போம். அந்தக் கல்லூரி நிலைத்ததா? இல்லை. ரைஸ் 1940இல் விலகினார். ஆல்பர்ஸ் இணையர் 1949இல் வெளியேறினர். பிணக்கும் பணமுடையும் மிகுந்து 1957இல் மூடப்பட்டது. 24 ஆண்டுகளில் பயின்றோர் ஏறத்தாழ 1200 பேரே. ஒரே கூரையின்கீழ் வாழ்வோர்க்குத் தனிமை குறையும், பூசல் பெருகும் என்பதும் மெய்யே. ஆயினும், நெடுநாள் நின்றதால் ஒன்று அறமாகிவிடுமா? தீண்டாமை எத்தனை நூற்றாண்டுகள் நின்றது! விளக்கு அணைந்தது என்பதற்காக, அதன் ஒளியில் படித்த எழுத்து பொய்யாகிவிடாது.

உழைப்பின் உயர்வைப் பாடுவது எளிது. உழைப்பை முறைமாற்றிக்கொள்வதே அரிது. துப்புரவுத் தொழிலாளிக்கு மாலை சூட்டுவோம், மேடையில் புகழ்வோம். துடைப்பத்தை மட்டும் அவர் கையிலேயே விட்டுவிட்டு வருவோம்! இது போற்றுதல் அன்று, ஏய்த்தல். ஒருவன் விரும்பி ஒரு வேளை செய்தால் கலைப்பயிற்சி, மற்றொருவன் பிறப்பினால் வாழ்நாளெல்லாம் செய்தால் தலைவிதி என்ற நிலை இருக்கும் வரை, எந்தக் கலைக்கூடமும் முழுமை பெறாது. இன்று உன் முறை, நாளை என் முறை என்று சுழலும்போதுதான் உழைப்பு உண்மையில் உயர்வு பெறும்.

எனவே, கலை பயிலும் இளைஞர் சேர்ந்து வாழும் விடுதியொன்றை யாரேனும் நமக்குக் காட்டினால், சுவரில் தொங்கும் ஓவியங்களைப் பார்த்து மகிழ்வோம். அரங்கில் எழும் பாடலைக் கேட்டு மகிழ்வோம். பிறகு அடுக்களைப் பக்கமும் நடப்போம். அங்கே நிற்பவர் யார், அவர் எங்கே உண்கிறார், அவர் மகள் எங்கே படிக்கிறாள் என்று கேட்போம். அதற்குத் தலைகுனியாமல் விடை சொல்லும் விடுதியே கலைக்கூடம். மற்றவை வண்ணம் பூசிய வெறுஞ்சுவர்கள்!