ஒரு பத்திரம், இரண்டு தாய்மார்

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற ஒருவர் தம் கணவன் அல்லது மனைவிக்கும், பிள்ளைகளுக்கும், பெற்றோருக்கும், உடன்பிறந்தவருக்கும் விசா கேட்டு மனுப் போடலாம். தங்கை மகனுக்குப் போட முடியாது. அப்படியொரு வகையே சட்டத்தில் இல்லை. தங்கைக்காகப் போட்டால் அவளோடு சேர்ந்து மகனும் வரலாம். ஆனால் உடன்பிறந்தோருக்கான வரிசை மெக்சிகோ போன்ற நாட்டினருக்கு இருபது ஆண்டுக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. முறை வருவதற்குள் பையனுக்கு 21 வயது தாண்டிவிடும். அதன்பின் சட்டத்தின் கணக்கில் அவன் பெரும்பாலும் பிள்ளையாக இருக்கமாட்டான். இந்தக் கட்டத்தில்தான் வீட்டில் யாராவது ஒருவர் அந்த யோசனையைச் சொல்கிறார்: "நீயே தத்து எடுத்துக்கொள்ளேன்."

இது சரியா? சட்டம் படித்தவர்கள் சிலர் உடனே மோசடி என்கிறார்கள். குடும்பத்தார், எங்கள் வீட்டுப் பிள்ளையை நாங்கள் தத்தெடுத்தால் யாருக்கு என்ன நட்டம் என்கிறார்கள். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள்.

முதலில் நோக்கத்தைப் பார்க்கலாம். கனடாவின் விதிகள் அதையே நேராகத் தேடுகின்றன. குடிவரவுச் சலுகையை முதன்மை நோக்கமாகக் கொண்டு நடந்த தத்து அங்கே செல்லாது. அமெரிக்கச் சட்டம் பெரும்பாலும் வாழ்க்கையைப் பற்றிக் கேட்கிறது. 16 வயதுக்குள் தத்தெடுத்திருக்க வேண்டும், இரண்டு ஆண்டு சட்டப்படியான பொறுப்பில் இருந்திருக்க வேண்டும், இரண்டு ஆண்டு ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். அறத்தின் பக்கம் நின்று பார்த்தால் இந்த இரண்டாவது அளவுகோலே மேலானது. ஒரு பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவரும் எந்தப் பெரியம்மாவும் ஒரே காரணத்துக்காகக் கொண்டுவருவதில்லை. தங்கைக்கு உடல்நலம் சரியில்லை, ஊரில் துப்பாக்கிச் சத்தம், பள்ளிக்கூடம் சரியில்லை, தனக்குப் பிள்ளை இல்லை, பையன் மேல் பாசம், அவனுக்கு நல்ல நாட்டில் ஒரு வாழ்வு வேண்டும் என்ற ஆசை. இவற்றில் எது முதன்மை என்று அந்தப் பெண்ணாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. மேசைக்கு அப்பால் இருக்கும் அதிகாரி எப்படிச் சொல்வார்?

நம் குடும்பங்களில் சுவீகாரம் எடுத்ததும் தூய அன்பினால் மட்டுமல்ல. கொள்ளி வைக்க ஒரு மகன் வேண்டும், சொத்து வெளியே போகக் கூடாது என்பவை வெளிப்படையாகவே பேசப்பட்ட காரணங்கள். அதனால் அந்தப் பிள்ளைகள் பிள்ளைகள் அல்ல என்று யாரும் சொன்னதில்லை. சொத்துக்காக வந்த பிள்ளையை ஏற்றுக்கொண்ட நாம், குடியுரிமைக்காக வந்த பிள்ளையை மட்டும் சந்தேகப்படுவது நியாயமில்லை.

அன்று பிரிட்டனின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1999இல் தீர்த்த ஒரு வழக்கு இதைத் தெளிவாக எடுத்துக்கொண்டது. ஜமைக்காவிலிருந்து தாத்தா பாட்டியைப் பார்க்க வந்த பெண்பிள்ளை அவர்களிடமே தங்கிவிட்டாள். ஊரில் வறுமை, பிரிட்டனில் நிலையான வீடு, பள்ளிக்கூடம். தாத்தாவும் பாட்டியும் தத்தெடுக்க விண்ணப்பித்தார்கள். உள்துறை எதிர்த்தது. கீழமை நீதிமன்றம் அனுமதித்த ஆணையை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்துசெய்ய, பிரபுக்கள் சபை அதைத் திரும்ப நிலைநாட்டியது. சிறுவயதில் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கப்போகும் வீடும் படிப்பும் உண்மையான நன்மைகள், அவற்றோடு குடியுரிமையும் சேர்ந்து வருகிறது என்பதாலேயே அவற்றைக் கணக்கிலிருந்து தள்ளிவிட முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சிறுபருவத்துக்கு எந்த நன்மையும் தராமல், குடியுரிமையை மட்டும் வாங்கித் தரும் தத்து வேறு ரகம் என்றும் நீதிபதிகள் பிரித்துக் காட்டினார்கள்.

அந்த வேறு ரகத்துக்குச் சாட்சியாக சாக்ரமெண்டோ நகரில் நடந்த ஒரு வழக்கைச் சொல்லலாம். ஹான்சன் என்பவர், வயது வந்தவர்களை அமெரிக்கர்கள் தத்தெடுத்தால் குடியுரிமை கிடைத்துவிடும் என்று சொல்லி 450க்கும் மேற்பட்ட வெளிநாட்டவரிடம் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர் வாங்கினார். வயது வந்தவரைத் தத்தெடுப்பதால் குடியுரிமை கிடைக்காது. 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில் ஏமாந்தவர்கள் பணம் மட்டும் இழக்கவில்லை. ஒழுங்கான வழி ஒன்று கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கையையும் இழந்தார்கள். அந்தத் தத்துகளில் வீடும் இல்லை, வளர்ப்பும் இல்லை, காகிதம் மட்டுமே இருந்தது.

ஆக, பையன் பெரியம்மா வீட்டில் சாப்பிட்டு, தூங்கி, காய்ச்சல் வந்தால் அவள் மடியில் படுத்து வளர்கிறான் என்றால் அந்தத் தத்து நேர்மையானது. குடியுரிமைக்கான ஆசையே முதலில் தூண்டியிருந்தாலும் அது நேர்மையானதுதான். காகிதத்தில் மகனாகிவிட்டு, ஊரில் பெற்றவளிடமே வளர்கிறான் என்றால் அது பொய். அந்தப் பொய்யால் அரசு ஏமாறுவது உண்மைதான். ஆனால் அதன் பாரம் அரசின் மேல் விழுவதில்லை, பிள்ளையின் மேல் விழுகிறது. நேர்காணலில் யாரோடு வாழ்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிற்காலத்தில் பொய் வெளிப்பட்டால் நாடுகடத்தலை எதிர்கொள்வதும் அவன்தான்.

நேர்மையான தத்திலும் ஒரு விலை இருக்கிறது. அதைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை. தத்தின் வழியே ஒருவன் அமெரிக்காவில் நிலைபெற்ற பிறகு, அவனைப் பெற்றவள் அந்தப் பெற்ற உறவை வைத்து எந்தக் குடிவரவுச் சலுகையும் பெற முடியாது என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. அவன் 21 வயதில் குடியுரிமையோடு நின்று, அம்மாவை அழைத்துவர மனுப் போட்டால் அது நிராகரிக்கப்படும். கூடப் பிறந்த தங்கைக்கும் அதே கதவு மூடப்படும். பிள்ளையைக் கப்பலாக வைத்துக் குடும்பமே கரையேறுவதைத் தடுக்க இந்த விதி வந்தது. அரசின் அச்சம் புரிகிறது. ஆனால் மகனின் நன்மைக்காகக் கையெழுத்துப் போடும் பெண், சட்டத்தின் முன் அவனுக்கு யாருமல்லாதவளாகிறாள். வாழ்நாள் முழுக்க நீளும் இழப்பு அது.

இந்த இழப்பைச் சட்டம் ஏன் கேட்க வேண்டும் என்பதுதான் இதில் எழுப்ப வேண்டிய கடினமான கேள்வி. பிரிட்டனின் விதிகளில் நெடுங்காலம் இருந்த ஒரு நிபந்தனை, தத்துப்பிள்ளை பிறந்த குடும்பத்தோடு உள்ள தொடர்பை இழந்திருக்க வேண்டும் அல்லது முறித்திருக்க வேண்டும் என்றது. பெரியம்மா தத்தெடுக்கும்போது பிறந்த குடும்பமும் தத்தெடுத்த குடும்பமும் ஒன்றே. எந்தத் தொடர்பை முறிப்பது? பண்டிகைக்கு வரும் பெற்ற தாயை யார் என்று சொல்வது?

நியூஜெர்சியில் குடியுரிமையோடு வாழும் ஒருவர் சென்னையில் இருக்கும் தம் அண்ணன் மகளைத் தத்தெடுக்க விரும்பினாலும் இதே முட்டுச்சந்துதான். இந்தியாவின் 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் வெளிநாட்டில் வாழும் உறவினர் தத்தெடுக்க வழி வைத்திருக்கிறது. சித்தப்பா, மாமா, அத்தை, தாத்தா, பாட்டி எல்லாரும் அதில் உறவினர்தான். ஆனால் இந்தியாவும் அமெரிக்காவும் நாடுகளுக்கிடையிலான தத்து பற்றிய 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இணைந்த நாடுகள். அந்த வழியில் அமெரிக்கா வைக்கும் நிபந்தனை, பெற்றோர் இருவரும் உயிரோடு இருந்தால் அவர்களால் பிள்ளையை முறையாக வளர்க்க முடியாத நிலை இருக்க வேண்டும் என்பது. பிள்ளைக்கு நல்லது நடக்க வேண்டுமானால் நல்ல தாய் ஒருத்தி தன்னால் வளர்க்க முடியாது என்று எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. குடும்பங்களைப் பொய் சொல்லத் தூண்டிவிட்டு, பிறகு பொய் சொன்னதாகக் குற்றம் சாட்டும் விதி அறமானதல்ல.

வயது வரம்பிலும் இதே கடுமை. கான்சாஸ் மாநிலத்தில் ராணுவ அதிகாரி ஒருவரும் மனைவியும் தென்கொரியாவிலிருந்து வந்த உறவுப் பெண்ணைத் தங்கள் வீட்டில் வளர்த்தார்கள். அவர் ஆப்கானிஸ்தானில் பணியில் இருந்ததால் தத்துப் பத்திரம் தள்ளிப்போயிற்று. மாநிலச் சட்டப்படி 18 வரை அவகாசம் உண்டென்று நம்பி 17 வயதில் முடித்தார்கள். குடிவரவுச் சட்டமோ 16 என்றது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அந்த வீட்டில் வளர்ப்பு இருந்தது, உறவு இருந்தது, பொய் எதுவும் இல்லை. தேதி மட்டும் தவறிவிட்டது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. பெற்றோரை இழந்த அண்ணன் மகனை, அக்கா மகளை, பேரப்பிள்ளையை, 18 வயதுக்குள் திருமணமாகாமல் இருந்தால், தத்தெடுக்காமலே அழைத்துக்கொள்ளக் கனடா அனுமதிக்கிறது. அத்தை அத்தையாகவே இருக்கலாம். இறந்த தாயின் பெயர் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் அப்படியே நிற்கும். இந்த வாய்ப்பை அநாதைப் பிள்ளைகளோடு நிறுத்தாமல், உறவினரிடம் உண்மையாக வளரும் பிள்ளைகளுக்கும் விரித்தால், பாதுகாப்பு வேண்டும் என்பதற்காக யாரும் தாயை மாற்றிக்கொள்ள வேண்டியிராது.

அதுவரை பாதிக்கப்படுவது பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளை. கலிபோர்னியாவில் 12 வயதைத் தாண்டிய பிள்ளையின் சம்மதம் இல்லாமல் தத்து முடியாது. நியூயார்க்கில் அந்த வயது 14. நீதிபதி பிள்ளையிடம் கேட்பது, இவர்கள் உனக்குப் பெற்றோராக இருக்க உனக்குச் சம்மதமா என்று. இன்னொன்றையும் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது தத்தெடுப்பவரின் கடமை: இன்று நீ சம்மதித்தால், வளர்ந்தபின் உன் அம்மாவுக்காக ஒரு மனுவும் போட முடியாது. பெற்றவளும் இதைக் கையெழுத்துக்கு முன்பே, பின்பல்ல, தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.