உயிர் மட்டும் போதுமா?

"உயிர் தப்பியதே பெரிது, இனி முகம் எதற்கு?" வாய்ப்புற்றுநோயால் தாடையை இழந்தவரைப் பற்றி இப்படிச் சொல்வோர் உண்டு. இறைவன் தந்த உருவத்தில் கைவைப்பது தகுமா என ஐயுறுவோரும் எம்மிடையே உளர். முன்னையது அனுதாபம் போலவும் பின்னையது பக்தி போலவும் ஒலிக்கின்றன. இரண்டையும் சற்று நிதானமாக நோக்க வேண்டும்.

இது எமக்குத் தூரத்து விடயமன்று. இலங்கை ஆண்களை அதிகம் பீடிக்கும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. உடப்புசல்லாவையில் தேயிலைத் தோட்டத்திலும் கடைவீதியிலும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை மெல்லுவது தலைமுறைப் பழக்கம். புகையிலை சேராத வெற்றிலையும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட ஆய்வு நூல் உறுதிசெய்தது.

கீழ்த்தாடையின் முன்பகுதியை அகற்றி அப்படியே விட்டால் உதடுகள் பொருந்தா. எச்சில் வழியும். வுழூவுக்குக் கொப்பளிக்கும் நீர் வாயில் நில்லாது. சொல்லும் ஸலாம் குழறும். கலியாண வீட்டில் ஒரே சஹனில் பிறரோடு கைவைத்து உண்ண அவர் கூசுவார். மெல்லமெல்ல வீட்டுக்குள் ஒடுங்கிவிடுவார். இதைச் சீராக்குவதை அழகுபடுத்தல் என்பது எவ்வாறு பொருந்தும்?

காலின் மெல்லிய எலும்பை இரத்தக் குழாய்களோடு எடுத்து, தாடை வடிவில் அமைத்து, கழுத்துக் குழாய்களுடன் இணைக்கும் முறையை நியூயோர்க் மருத்துவர் ஹிடால்கோ 1989இல் வெளியிட்டார். உடற்பாரத்தைக் காலின் மற்றைய எலும்பே தாங்குவதால் நோயாளி பின்னர் நடக்கலாம்.

அர்ஃபஜா (ரலி) குலாப் போரில் மூக்கை இழந்தவர். பொருத்திய வெள்ளி மூக்கில் துர்நாற்றம் எழவே, பொன்னால் மூக்குச் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) பணித்தார்கள் என அபூதாவூத், திர்மிதி கிரந்தங்களில் உள்ளது. ஆண்களுக்குப் பொன் விலக்கப்பட்டிருந்தும் அவருக்கு அது அனுமதிக்கப்பட்டது. உயிர் இருக்கிறதே, மூக்கு எதற்கு என்று அவரிடம் கேட்கப்படவில்லை. படைப்பை மாற்றுவது வேறு, சிதைந்ததைச் சீராக்குவது வேறு. 2007இல் புத்ராஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமியும் நோயாலும் விபத்தாலும் வந்த குறைகளைச் சீராக்க அனுமதித்தது.

மார்க்கம் வழிவிட்டாலும் வறுமை மறிக்கிறது. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் மஹரகமைக்கும் பேராதனைக்கும் அலையும் நாட்களில் நாட்கூலிக் குடும்பத்தின் அடுப்பை எரிப்பது யார்? ஸகாத் பங்கிடும்போது இந்த வீடுகள் எமது நினைவில் வருகின்றனவா?

எத்துணை திறமான சத்திரசிகிச்சையும் தழும்பை விட்டே செல்லும். அந்த முகத்தைக் கண்டு பார்வையைத் திருப்பாதிருப்பதும், சஹனில் அவருக்கு இடம்விட்டு அமர்வதும் வைத்தியரின் வேலையன்று. அவை எம்முடைய கடமைகள்.