காடையின் சீட்டி

விக்டர் ஃப்ளெமிங்கின் 'தி வர்ஜீனியன்' (1929) பேசும்படத்தில் பலருக்கும் நினைவிருப்பது கேரி கூப்பரின் இறுதித் துப்பாக்கிச் சண்டை. எனக்கு அது பொருட்டாகவே படவில்லை. டிராம்பஸ் வில்லன், அவன் சாவில் தார்மீகச் சிக்கல் ஏதுமில்லை.

சிக்கல் ஸ்டீவின் சாவில் இருக்கிறது. மாட்டுத் திருட்டில் சேர்ந்துவிட்டவன். விசாரணையின்றி அவனைத் தூக்கிலிடும் குழுவை நடத்துபவன் அவனுடைய நண்பனான கதாநாயகன். காடைபோல் சீட்டியடித்து ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டவர்கள் இருவரும். சாகுமுன் ஸ்டீவ் அதே சீட்டியை அடிக்கிறான். கூப்பரின் முகம் வேதனையில் இறுகுகிறது. உடனே நாம் அவனை மன்னித்துவிடுகிறோம்.

இந்த மன்னிப்பைத்தான் நான் சந்தேகிக்கிறேன். வேதனை ஒரு செயலின் விலையாக இருக்கலாம், அதன் நியாயமாகிவிடாது. அழுதுகொண்டே கொல்பவனும் கொல்பவன்தான்.

மூலநாவலில் (1902) ஓவன் விஸ்டர் இக்கொலைக்கு ஒரு நீதிபதியின் வாயாலேயே வக்காலத்து வாங்குகிறார்: சட்டம் கைவிட்ட இடத்தில் மக்கள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்களாம். எந்த மக்கள்? 1892இல் வயோமிங்கின் ஜான்சன் கவுண்டியில் பெரும் பண்ணைக்காரர்கள் கூலிக்குத் துப்பாக்கிக்காரர்களை அமர்த்தி, திருடன் என்று சொல்லி நேட் சாம்பியனைக் கொன்றார்கள். நீதிமன்றம் இருந்தது, வழக்கும் வந்தது. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. திருடன் யார் என்று தீர்மானித்தது மந்தைக்குச் சொந்தக்காரன்.

கதாநாயகனோ அவனிடம் சம்பளம் வாங்கும் மேஸ்திரி. அவன் நட்பைப் பலியிட்டது அறத்துக்கா, முதலாளிக்கா? படம் இதைக் கேட்பதில்லை. அந்தச் சீட்டி கேட்கிறது.